வியாழக்கிழமைப் பிரஷர்

டெசிரே மிஷோவுக்கு இரண்டு இரத்த அழுத்தங்கள் இருந்தன. ஒன்று அவள் வீட்டுச் சமையலறையில், இன்னொன்று எங்கள் கிளினிக்கில். வீட்டு மேசையில் கையை நீட்டி அளந்தால் நூற்று இருபத்திரண்டு. எங்களிடம் வந்து அளந்தால் நூற்று நாற்பத்தாறு. கை அதே கை. வயிற்றில் இருந்த பிள்ளையும் அதே பிள்ளை.

இரத்த அழுத்தம் பார்ப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. மேல்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, உள்ளே ஓடும் இரத்தக்குழாயை நசுக்குகிறோம். ஓட்டம் நின்றுவிடும். பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். நசுங்கிக் கிடக்கும் குழாயை இரத்தம் முட்டித் திறந்துகொண்டு நுழைகிற அந்த முதல் நொடியில் பட்டைக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, அதுதான் மேல் எண். தடையே இல்லாமல் ஓடத் தொடங்கும்போது இருப்பது கீழ் எண். காதில் குழாயை மாட்டிக் கேட்டால் 'டப் டப்' என்று கேட்கும். மெஷின் அதே துடிப்பைப் பட்டையின் அதிர்விலிருந்து தெரிந்துகொள்ளும். இவ்வளவுதான். இதில் ஒரே பெண்ணுக்கு வீட்டில் ஒரு எண், இங்கே ஒரு எண் என்று வர எங்கே இடம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நான் அந்த கிளினிக்கில் நர்ஸ். பெயர் கோலெட். பெல்மோர் ஊரின் பெரிய தெருவில், முன்பு செருப்புக்கடையாக இருந்த கட்டடத்தில் கர்ப்பிணிகளுக்கு வியாழன்தோறும் கிளினிக் நடக்கும். மெய்ன் மாநிலத்தின் வடக்குக் கோடியில் எங்கள் மாவட்டம். முன்பு எங்களுக்கென்று ஒரு பிரசவ வார்டு இருந்தது. பிரசவங்கள் குறைந்துவிட்டன என்று சொல்லி அதை மூடினார்கள். மூடிய பிறகு பிரசவங்கள் இன்னும் குறைந்தன. பார்த்தீர்களா, மூடியது எவ்வளவு சரி என்று அதையே காட்டினார்கள்.

மிச்சம் இருந்தது அகாத் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டெசிரேயின் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஆனால் அங்கே சிக்கல் இல்லாத பிரசவம் மட்டும்தான் பார்ப்பார்கள். எங்கள் கிளினிக்கில் மூன்று தடவை அழுத்தம் நூற்று நாற்பதைத் தாண்டினால் 'ரிஸ்க் கேஸ்' என்று எழுதித் தெற்கே பெரிய நகரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நகரம் பனிக்காலத்தில் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் தூரம். அதனால் கடைசி மாதம் முழுக்க அங்கேயே ஒரு விடுதியில் தங்க வேண்டும்.

டெசிரேயால் அது முடியாது. மூத்தவள் மார்கோவுக்கு நான்கு வயது. கணவன் லூக் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். காட்டுக்குள் லாரி போக வேண்டும் என்றால் மண் உறைந்து கல்லாக இருக்க வேண்டும், பனிக்காலத்தில்தான் வேலை. வசந்தத்தில் மண் இளகிவிட்டால் லாரி புதைந்துவிடும், வேலையும் நின்றுவிடும். பிள்ளை மார்ச்சில், எங்கள் பக்கம் மண் இன்னும் உறைந்தே கிடக்கும் மாதத்தில், பிறக்க வேண்டியது. அதாவது, அவன் வீட்டில் இருக்கவே முடியாத மாதத்தில் அவளும் வீட்டில் இருக்கக் கூடாது என்று எங்கள் மெஷின் சொல்லிக்கொண்டிருந்தது.

அழுத்தத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. கர்ப்பத்தில் ஏறும் அழுத்தம் சிலருக்குச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடித்து, வலிப்புவரை கொண்டுபோய்விடும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அளக்கிறோம். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பதும் அதற்காகத்தான். இரண்டும் ஒரே திருடனைப் பிடிக்க வைத்த இரண்டு காவல்.

நவம்பரில் முதல் தடவை ஏறியது. டிசம்பரில் டெசிரே தன் மாமனார் ஆர்மானின் மெஷினைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் விட்கோம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அவர் தெற்கேயிருந்து வாரம் ஒரு நாள் வருகிறவர். நல்ல மனிதர்.

"இந்த மாதிரி வீட்டு மெஷின நம்ப முடியாதும்மா" என்றார்.

"நல்லா நம்பலாம் டாக்டர். எங்க மாமனாருக்கு மூணு தடவ ஹார்ட் அட்டாக் வந்திருக்கு. தப்பா காட்டுற மெஷினா இருந்தா எப்பவோ போய்ச் சேந்திருப்பாரு."

"அவர் பொழச்சதுக்கு மெஷின் காரணம் இல்ல."

"அப்ப நீங்களா?"

டாக்டர் மெஷினை என் பக்கம் தள்ளினார். நான் அவளுடைய ஒரு கையில் எங்கள் மெஷினையும் மறு கையில் ஆர்மானின் மெஷினையும் கட்டினேன். எங்களுடையது நூற்று நாற்பத்தாறு. ஆர்மானுடையது நூற்று நாற்பத்தைந்து. டெசிரே அந்த மெஷினை, சொந்தக்காரன் கோர்ட்டில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னதுபோல முறைத்துப் பார்த்தாள்.

அது எனக்கு நல்ல செய்திதான். இரண்டு மெஷினும் சரி. அப்படியானால் மாறுவது டெசிரே. வீட்டுக்கும் எங்கள் நாற்காலிக்கும் நடுவில் அவளுக்கு ஏதோ ஆகிறது. அவளுக்கு மட்டும் இல்லை. ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு மேல் அழுத்தம் ஏறியிருந்தது. பெல்மோரிலேயே இருந்து நடந்து வருகிறவர்களுக்கு ஏறவில்லை.

தலைமை அலுவலகம் அதற்கு உப்புதான் காரணம் என்று முடிவு செய்து ஒரு துண்டறிக்கை அனுப்பியது. உருளைக்கிழங்கு தவிர வேறு எதுவும் விளையாத ஊர்க்காரர்கள் வறுத்த உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாது என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. மேல்பக்கத்து ஊர்க்காரர்களும் பெல்மோர்க்காரர்களும் ஒரே கடையில்தான் உப்பு வாங்குகிறார்கள் என்பது அந்தத் துண்டறிக்கைக்குத் தெரியவில்லை.

டாக்டர் விட்கோமிடம் இன்னொரு விளக்கம் இருந்தது. வெள்ளை அங்கியைப் பார்த்தாலே சிலருக்குப் படபடப்பில் அழுத்தம் ஏறும். இது கட்டுக்கதை இல்லை. மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அடுத்த வாரம் அவர் அங்கியை விட்டுவிட்டு, சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையில் வந்தார். எங்கள் பக்கம் மரம் வெட்டப் போகிற எல்லா ஆண்களும் போடுகிற சட்டை.

வரவேற்பு மேசையில் இவெட் இருப்பாள். கிளினிக்கின் விதிகள் எல்லாம் அவள் நாக்கில்தான் குடியிருக்கும். அவள் டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோடாலிய கார்லயே விட்டுட்டீங்களா டாக்டர்?"

அன்று மருந்துச் சீட்டு வாங்க வந்திருந்த டெசிரேக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் புருஷன் மாதிரியே டிரஸ் பண்ணிட்டு வந்து நின்னா, எனக்கு எப்படி டாக்டர் பிரஷர் இறங்கும்?"

யாருக்கும் இறங்கவில்லை. டாக்டர் மறுபடி வெள்ளை அங்கிக்கே திரும்பினார்.

அப்புறம்தான் தலைமை அலுவலகம் கென்டலை அனுப்பியது. கென்டல் எங்களுக்குப் புதியவர் இல்லை. கோடையில் ஒருமுறை வந்து, கையில் கடிகாரத்தோடு பெண்கள் பின்னால் நடந்து, அவர்கள் உள்ளே எவ்வளவு வீணாக அலைகிறார்கள் என்று அளந்தவர். பழைய செருப்புக்கடை நீளமான கட்டடம். முன்னால் தெருக்கதவு, பின்னால் வண்டிகள் நிற்கிற முற்றத்துக்கு ஒரு கதவு, அதை ஒட்டிக் கழிப்பறை. முன்பெல்லாம் பெண்கள் வந்ததும் பின்னால் போய்க் குப்பியில் சிறுநீர் பிடித்துக்கொண்டு மறுபடி முன்னால் வருவார்கள். இது இரட்டை நடை என்று கென்டல் கண்டுபிடித்தார். தரையில் நீல அம்புக்குறிகளை ஒட்டினார். முன்கதவில் நுழைவது, எடை, பிறகு என் நாற்காலியில் அழுத்தம், பிறகு டாக்டர், கடைசியாகக் கழிப்பறை, அப்படியே பின்கதவு வழியாக வண்டிக்கு. ஒரு அடிகூட வீணாகாது. எதிர்த்திசையில் நடக்கக் கூடாது என்று விதியும் போட்டார்கள். அதற்காக அவருக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தின் நகல் எங்கள் சுவரில் தொங்குகிறது.

சாம்பிள் கொடுக்காமல் போனால் அன்றைய வருகையே செல்லாது என்பது அதற்கும் முன்பிருந்தே உள்ள விதி. அதை இவெட் ஒருநாளும் தளர்த்தியதில்லை.

இந்தத் தடவை கென்டல் பெண்களின் மனநிம்மதிக்காக வந்தார். கூடவே ஒரு நீர்வீழ்ச்சி வந்தது. முழங்கால் உயரம், கறுப்புக் கற்கள், அடியில் சின்ன மோட்டார். தண்ணீர் மேலே ஏறி, கல்லில் வழிந்து, கீழே தொட்டியில் 'சொள சொள' என்று விழுந்துகொண்டே இருக்கும். காத்திருக்கும் அறையின் நடுவில் வைத்துவிட்டு, "இந்தச் சத்தத்தக் கேட்டா உடம்பு தானா தளரும்" என்றார் கென்டல்.

அதைக் கேட்டு, எதிரே உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நிம்மதி என்று கென்டல் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அளந்த எண்கள் அந்தக் குளிர்காலத்திலேயே மிக அதிகமானவை.

ஜனவரியில் ஒரு வியாழன் காலை, கிளினிக்கைத் திறந்தால் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. சுவருக்குள் குழாய் உறைந்துவிட்டது. பிளம்பர் வர மறுநாள் ஆகும். இருக்கிற நிலையில் பெண்களை இரண்டு மணி நேரம் அலைய வைத்துத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

"என்ன சொல்லப் போற?" என்றாள் இவெட்.

"சாம்பிள் வேண்டாம், வழியில கடையிலயே பாத்ரூம் போய்ட்டு வாங்கன்னு சொல்லப் போறேன்."

"சாம்பிள் இல்லாம விசிட்டா?"

"குழாய் உறைஞ்சிருச்சு இவெட்."

"விதி உறையலயே."

ஆனாலும் அவள் என்னைத் தடுக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்று வந்த பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். பனிச்சப்பாத்தைக் கழற்றினார்கள், குழந்தைப் பெயர்களுக்காகச் சண்டை போட்டார்கள், நீர்வீழ்ச்சிக்குள் காசு போட்டு வேண்டிக்கொண்டார்கள். நான் பட்டையைக் கட்டினேன். நூற்று பதினெட்டு. நூற்று இருபத்தாறு. நூற்று இருபத்தொன்று. டெசிரேக்கு நூற்று இருபது. முன்பு ஏறியிருந்தவர்களில் ஒருத்தியைத் தவிர அத்தனை பேருக்கும் இறங்கியிருந்தது.

டாக்டர் விட்கோம் எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மெஷின் போச்சு" என்றார்.

நவம்பரிலிருந்து அந்த மெஷின் ஏறிய எண்களைக் காட்டியபோது யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. முதன்முதலாக உண்மையைச் சொன்ன அன்றே அதைப் பெட்டியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதே மாலை தலைமை அலுவலகத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. நீர்வீழ்ச்சி வேலை செய்யத் தொடங்கிவிட்டது, கென்டலுக்குப் பாராட்டு.

டெசிரே டாக்டரின் முன்னால் அசையாமல் நின்றாள். "இன்னைக்கு எறங்கியிருக்குல்ல? எழுதிக்கோங்க."

"இத எப்படிம்மா கணக்குல எடுக்கிறது? எல்லாருக்கும் ஒரே நாள்ல சரியாகுமா?"

"ஏறினா நம்புறீங்க. எறங்கினா மட்டும் நம்ப மாட்டீங்களா?"

"அடுத்த வியாழன் வேற மெஷின்ல பாப்போம். அன்னைக்கும் ஏறியிருந்தா மூணாவது தடவ ஆயிடும். நகரத்துக்கு எழுதுறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லூக் காட்டிலிருந்து சனிக்கிழமைதான் வருவான். அவனிடம் சொல்ல வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க நான் யோசித்தேன். மெஷின் திரும்பி வந்தது. ஒரு பழுதும் இல்லை என்று கூடவே ஒரு வரி. குழாயும் சரியானது. ஆகவே அந்த ஒரு நாளுக்கும் மற்ற நாட்களுக்கும் வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. பனி? அன்றும் பெய்தது. சாலை? அதே சாலை. டாக்டர்? அதே அங்கி. நீர்வீழ்ச்சி? அன்றும் ஓடியது. பதில் என் கண் முன்னாலேயே நின்றது. கண் முன்னால் நிற்பதை, நடுவில் கழிப்பறைக் கதவு இருந்தால், நாகரிகமான மனிதர்கள் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த வியாழன் டெசிரே வந்தாள். காத்திருக்கும் அறையில் பேச்சே இல்லை. பெண்கள் எல்லாரும் சர்ச்சில் உட்கார்ந்திருப்பதுபோல விறைப்பாக இருந்தார்கள். நீர்வீழ்ச்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. டெசிரேயை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பட்டையைக் கட்டினேன். நூற்று நாற்பத்தெட்டு.

அவள் முகம் வெளுத்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. நர்சுகள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"கால் மேல கால் போடாத கண்ணு. அதுக்கே கொஞ்சம் ஏறும். கால எடுத்துக் கீழ வை, இன்னொரு தடவ பாப்போம்."

"கால எடுத்தா பிரஷர் எறங்குமோ என்னமோ கோலெட். வேற ஒண்ணு கண்டிப்பா எறங்கிரும்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே கணத்தில் புரிந்தது.

"கடைசியா எப்ப போன?"

"வீட்டுல. மார்கோவ எழுப்புறதுக்கு முன்னாடி."

"வழியில லெவெக் கடையில பாத்ரூம் இருக்கே?"

"இருக்கு. அங்க போயிட்டா இங்க உங்களுக்கு என்னத்தக் குடுக்கிறது? ஜோசெட் செப்டம்பர்ல அங்க போயிட்டு வந்தா. இங்க வந்து ஒரு சொட்டு வரல. விசிட் செல்லாதுன்னு இவெட் திருப்பி அனுப்பிட்டா. மறு தேதி மூணு வாரம் கழிச்சு. அன்னையிலேர்ந்து நாங்க யாரும் வழியில போறதில்ல."

"யாருமேவா?"

"யாருமே. போறதில்லங்கிறதோட நிக்கல. லெவெக் கடையில பெரிய பாட்டில் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வர்றோம், வராமப் போயிரக் கூடாதுன்னு. வியாழக்கிழமை எந்தப் பொண்ணு பெரிய பாட்டில் வாங்கினாலும் லெவெக் வாழ்த்துச் சொல்லிடுறாரு. ஆன் மரீ உண்டாயிருக்கான்னு அவ வீட்டுக்காரருக்கே அவருதான் மொதல்ல சொன்னாரு." மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கதவைக் காட்டினாள். "அதுக்கு மேல அந்தச் சனியன் புடிச்ச அருவி வேற."

இனி இதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அழகான விஷயம். சிறுநீர்ப்பை ஒரு பலூன். நிரம்பி இழுபடும்போது அதன் சுவரில் இருக்கிற நரம்புகள் முதுகுத்தண்டுக்கு எச்சரிக்கை அனுப்பும். உடம்புக்கு அது நெருக்கடி. நெருக்கடி என்றால் இரத்தக்குழாய்கள் சுருங்கும். அதே இரத்தம் ஒடுங்கிய குழாயில் ஓடினால் அழுத்தம் ஏறும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதல்லவா, கிட்டத்தட்ட அப்படி. நிரம்பிய பை மட்டுமே பத்து, பதினைந்து புள்ளி ஏற்றிவிடும். அடக்குவதற்காகக் காலைப் பின்னிக்கொண்டால் இன்னும் கொஞ்சம். வந்ததும் ஆறாமல் அளந்தால் இன்னும் கொஞ்சம். கர்ப்பிணிக்கோ பையின் மேலேயே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

இது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அளப்பதற்கு முன் சிறுநீர் கழித்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இரண்டு மணி நேரம் வண்டியில் வருகிற எவளும் வழியில் போய்விட்டுத்தான் வந்திருப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். அடக்கிக்கொண்டு வரத்தான் நாங்கள் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் எங்களுக்குக் கீழ்ப்படிந்தார்கள். கீழ்ப்படிந்ததற்காக நாங்கள் அவர்களை நகரத்துக்கு அனுப்பினோம். நகரம் இன்னும் தூரம். அங்கேயும் அடக்கிக்கொண்டே போய், அங்கேயும் ஏறியிருந்தது. பாருங்கள், எங்கள் கிளினிக் எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தது என்று எங்களுக்குப் பாராட்டு வேறு வந்தது.

"போய்ட்டு வா" என்றேன்.

"அம்பு டாக்டர் ரூமத்தான காட்டுது. இன்னும் டாக்டரப் பாக்கலயே."

"அம்ப மிதிச்சுக்கிட்டு போ."

போனாள். வந்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்தேன், இரண்டு பாதமும் தரையில். ஐந்து நிமிடம் பேச்சில்லை. டெசிரேக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு பட்டை. நூற்று இருபத்து நான்கு.

எண்ணைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, "ஒரு டாய்லெட்டுக்காக என்ன ஒரு மாசம் ஊர விட்டுத் தள்ளி வெக்கப் பாத்தீங்களே, படுபாவிகளா!" என்றாள்.

டாக்டர் விட்கோம் எண்ணைப் பார்த்ததும் மெஷினைத்தான் மறுபடி பார்த்தார். "ஒருத்தர வெச்சு முடிவு பண்ண முடியாது கோலெட்."

"அப்ப உங்கள வெச்சுப் பாப்போம்" என்றாள் வாசலில் நின்ற இவெட். "காலையிலேர்ந்து ரெண்டு பிளாஸ்க் காபி குடிச்சிருக்கீங்க. எழுந்து போகவே இல்ல. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

டாக்டர் கையை நீட்டினார். நூற்று ஐம்பத்திரண்டு.

"உங்கள நகரத்துக்கு எழுதிரலாமா டாக்டர்?"

அவர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். திரும்பி வருகையில் எல்லா அம்புகளுக்கும் எதிராக நடந்து வந்தார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தார். நூற்று முப்பத்து நான்கு. "வெளியில இருக்கிற எல்லாரையும் ஒவ்வொருத்தரா அனுப்பு. மொதல்ல அங்க, அப்புறம் உங்கிட்ட" என்றார். நகரத்துக்கு அனுப்ப டெசிரேயின் பெயர் போட்டு வைத்திருந்த காகிதத்தை நடுவில் கிழித்தார்.

அன்று எல்லாருக்கும் இறங்கியது, ஜோசெட்டைத் தவிர. குழாய் உறைந்த நாளிலும் இறங்காத ஒருத்தி அவள்தான். கழிப்பறைக்குப் போய் வந்து, ஐந்து நிமிடம் ஆறி, மறுபடி ஐந்து நிமிடம் ஆறியும் அவளுக்கு நூற்று அறுபதுக்குப் பக்கத்திலேயே நின்றது. சிறுநீரிலும் முதல்முறையாகப் புரதம். அன்றுவரை அவள் எண் மற்றவர்களின் எண்களோடு சேர்ந்து நின்றது. கூட்டத்தில் ஒருத்தியாக அவளுக்கும் உப்புத் துண்டறிக்கையைத்தான் கொடுத்திருந்தோம். அன்று மதியமே ஆம்புலன்சில் நகரத்துக்கு அனுப்பினோம். பிள்ளை சீக்கிரமாகப் பிறந்தது, சின்னதாக. இருவரும் நலம். எல்லாரையும் அனுப்பியிருந்தால் அவளுக்கு அங்கே படுக்கை கிடைத்திருக்குமா என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை.

டாக்டர் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். கழிப்பறையை முதலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கென்டல் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படி வெச்சா ரெட்டை நடை வரும் டாக்டர். ஓட்டம் கெட்டுப் போகும். எதிர்த்திசையில நடக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. வசந்தத்துல வந்து ஒரு ஆய்வு பண்றேன்."

வசந்தம் வருவதற்குள் டெசிரேயின் பிள்ளை பிறந்தே விட்டிருக்கும்.

இவெட் விதியை மறுபடி படித்தாள். இப்படியொரு சந்தோஷத்தோடு அவள் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. "அம்புக்குறியப் பின்பற்றணும்னு போட்டிருக்கு" என்றாள். "அம்பு எந்தப் பக்கம் பாக்கணும்னு போடல."

வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டு வந்தாள். சூடு காட்டினால் பசை இளகிவிடும்; ஓரத்தை வெண்ணெய்க் கத்தியால் கிளப்பினால் அம்பு கிழியாமல் வரும். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி ஒட்டினோம். 'உள்ளே' பலகையைப் பின்கதவுக்கும் 'வெளியே' பலகையை முன்கதவுக்கும் மாற்றினோம். டாக்டரின் அறையும் என் அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் நாங்கள் மேசைகளை மாற்றிக்கொண்டோம். எடைக்கருவி பின்பக்கம் வந்தது. வண்டிகள் எப்போதும் பின்முற்றத்தில்தான் நிற்கும் என்பதால், முன்பு பெண்கள் பனியில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்கதவுக்கு வந்த நடையும் மிச்சமாயிற்று. கென்டலுக்கு இதற்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்திருப்பதாகக் கேள்வி.

டெசிரே மார்ச்சில் அகாத் ஆஸ்பத்திரியில் ஒரு பையனைப் பெற்றாள். லூக் லாரியை ஆற்றுப்பாலத்தில் நிறுத்திவிட்டு, மரத்தூள் படிந்த சட்டையோடு சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தான்.

எங்கள் கிளினிக்கில் இப்போது நடப்பது இதுதான். பின்கதவு வழியாக வர வேண்டும். முதலில் கழிப்பறை, குப்பியை அங்கேயே ஜன்னல் மேடையில் வைத்துவிடலாம். அன்று சிறுநீர் வராவிட்டால் பரவாயில்லை, போவதற்கு முன் கொடுத்தால் போதும், வருகை செல்லும். பிறகு நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அதன் பிறகுதான் பட்டை. நீர்வீழ்ச்சியைக் கழிப்பறைக்குள் வைத்திருக்கிறோம். அங்கே அது நன்றாக வேலை செய்கிறது.